வலப்பக்கம் வைத்த பேரிங்

கழற்றிய பழைய சாமானைச் சாக்கில் கட்டி வண்டிக்காரர் கையில் கொடுத்தனுப்புவது எங்கள் தொழிலின் வழக்கம். புதுசு மாட்டினேன் என்று வாயால் சொன்னால் யார் நம்புவார்கள்? பழசைக் கண்ணால் காட்டிவிட்டால் பேச்சு அங்கேயே முடிந்தது. மற்ற பட்டறைகளில் அந்தச் சாக்கு எண்ணெயும் கரியுமாக இருக்கும். என் பட்டறைச் சாக்கு அப்படி இருக்காது. கழித்துப்போட்ட சாமானையும் நான் டீசலில் ஊறவைத்து, பிரஷ் போட்டுத் தேய்த்து, மரத்தூளில் புரட்டித் துடைத்துத்தான் கட்டுவேன்.

"செத்த சாமானக் குளிப்பாட்டறீங்களே பாய், அடக்கம் பண்ணவா?" என்று பக்கத்துப் பட்டறை டிங்கர் கேலி செய்வார். நானும் சிரிப்பேன்.

இந்தச் சுத்தம் எனக்கு நகத்திலிருந்து வந்தது. நகக்கண்ணில் கிரீஸ் ஒட்டியிருந்தால் தண்ணீர் தோலைத் தொடாது. தொடாவிட்டால், தொழுகைக்கு முன் கைகால் கழுவும் ஒளு நிறைவேறாது, ஒளு நிறைவேறாவிட்டால் தொழுகை இல்லை. ஒரு மெக்கானிக் ஒரு நாளைக்கு ஐந்து தடவை நகத்தைச் சுரண்டினால் என்ன ஆவான்? சுத்தப் பைத்தியம் ஆவான். நான் ஆனேன். பிறகு அதையே பெருமையாக்கிக்கொண்டேன். தருமபுரியில் சேலம் ரோட்டை ஒட்டி, தகரக் கொட்டகையும் முன்னால் ஒரு வேப்பமரமுமாக இருந்த என் பட்டறைக்கு எண்பதுகளின் தொடக்கத்தில் அந்தச் சுத்தத்தாலேயே பெயர் வந்தது. பாய் கை வைத்தால் குற்றம் இருக்காது என்று பேசிக்கொண்டார்கள். அது என் காதிலும் விழுந்தது, அதுதான் கெடுதல்.

அப்படிப் பேசிக்கொண்டு திரிந்தவர்களில் முதல் ஆள் ஒரு வேன்காரன். இண்டூர்ப் பக்கம், கிறிஸ்தவ விவசாயக் குடும்பம், கத்தோலிக்கர். காட்டு வேலையில் வயிறு நிறையாது என்று கடன் உடன் வாங்கி ஒரு பழைய வேன் எடுத்து, காரிமங்கலம் சந்தையிலிருந்தும் சுற்று ஊர்களிலிருந்தும் தக்காளி ஏற்றிச் சேலத்துக்கு ஓட்டிக்கொண்டிருந்தான். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவன். கல்யாணமாகி இரண்டு வருடம். குழந்தை இல்லை. அவன் பெயரைச் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை. தம்பி என்றுதான் கூப்பிட்டேன், அப்படியே இருக்கட்டும்.

ஒரு ஆனி மாதத்து வியாழக்கிழமை வேன் உறுமிக்கொண்டே வந்தது. இன்ஜின் ஓடுகிறது, வண்டி ஓடவில்லை. கருகிய நாற்றம். கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது என்று மோப்பத்திலேயே தெரிந்தது.

"பிளேட்டு ஒண்ணு போட்டாப் போதாதுங்களா பாய்?" என்றான்.

"போதாது தம்பி. பிளேட்டு, அத அமுக்கற பிரஷர் பிளேட்டு, ரிலீஸ் பேரிங்கு, பைலட் பேரிங்கு, இந்த நாலும் ஒரே வூட்டு ஆளுங்க. ஒரே நாள்ல வேலைக்கு வந்தவங்க. ஒருத்தன் விழுந்தா மத்த மூணு பேருக்கும் வயசாயிருச்சுன்னு அர்த்தம். கியர்பாக்ஸ ஒருக்கா எறக்கிட்டா நாலையும் மாத்திப்புடணும்."

"கடைசியா சொன்னீங்களே, அது என்னங்க அது?"

சொன்னேன். எங்கே பெருமையாகப் பேச ஆள் கிடைக்கும் என்று காத்திருந்தவன்தானே நான். இன்ஜினின் பின்னால் ஒரு கனத்த சக்கரம் இருக்கிறது. அதன் நடுக்குழியில் உட்கார்ந்திருப்பதுதான் பைலட் பேரிங். உள்ளங்கையில் வைத்து மூடிவிடலாம், அவ்வளவு சின்னது. கியர்பாக்ஸிலிருந்து வரும் தண்டின் நுனி அதற்குள்தான் செருகியிருக்கும். கிளட்சை மிதித்தால் இன்ஜின் தன்பாட்டுக்குச் சுற்ற வேண்டும், தண்டு நிற்க வேண்டும். நடுவில் இருந்து இரண்டையும் பிரித்துவிடுவது இந்தச் சின்னப் பேரிங். இது இறுகிப்போனால் இன்ஜின் தண்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு சுற்றும். கிளட்சைத் தரையோடு மிதித்தாலும் கியர் விழாது. நிறையப் பேர் இதை மாற்றுவதே இல்லை. கையை விட்டுச் சுற்றிப் பார்ப்பார்கள், ஓடினால் விட்டுவிடுவார்கள்.

"நீங்க சொன்னா சரிங்க பாய்," என்றான். பேரம் இல்லை, முனகல் இல்லை. நான் எழுதிக் கொடுத்த சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

அன்று சாயங்காலத்துக்குள் கியர்பாக்ஸை இறக்கினேன். பைலட் பேரிங் குழியிலிருந்து வர மறுத்தது. குழியில் கிரீஸைத் திணித்து, இரும்புத் தடியை வைத்து அடித்தால் அந்த அமுக்கத்தில் பேரிங் தானாக வெளியே வரும். அன்று அதற்கும் மசியவில்லை. கடைசியில் உளி வைத்து நெம்பினேன். வெளி வளையத்தின் முகத்தில் ஒரு நெல் நீளத்துக்கு வெட்டு விழுந்தது. பழசுதானே, போகிறது என்று விட்டேன். விரலில் மாட்டிச் சுற்றிப் பார்த்தேன். ஒரு இடத்தில் சிக்கிச் சிக்கி நகர்ந்தது. நல்லவேளை மாற்றச் சொன்னோம் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. தம்பி காலையிலேயே சேலம் போய் நாலு சாமானும் வாங்கிவந்துவிட்டான். பைலட் பேரிங் பழசும் புதுசும் ஒரே கம்பெனி, ஒரே நம்பர். புதுப் பேரிங்கில் துருப்பிடிக்காமல் இருக்க ஒரு எண்ணெய் பூசியிருப்பார்கள், அதைக் கழுவிவிட்டு கிரீஸ் வைப்பது என் முறை. பழசைக் கழுவுவது என் பைத்தியம். இரண்டையும் ஒரே தட்டில் போட்டுக் கழுவினேன். கழுவி முடித்தபோது இரண்டும் ஒன்றுபோலப் பளபளத்தன. கொட்டகைக்கு வெளியே செய்தித்தாளை விரித்து இரண்டையும் காயவைத்தேன். பழசை இடப்பக்கம் வைத்தேன், புதுசை வலப்பக்கம் வைத்தேன். சின்ன வயதிலிருந்து கை பழகிய பழக்கம் அது. நல்லது வலக்கைப் பக்கம்.

அதே நேரம் பாங்கு சொன்னார்கள். ஜும்மாவுக்கு நேரமாகிவிட்டது. நகத்தைச் சுரண்டிக் கையைக் கழுவிக்கொண்டு, "தம்பி, சோத்தத் தின்னுட்டு ஒக்காந்திரு, வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டுப் பள்ளிவாசலுக்கு ஓடினேன். அவன் தூக்குப்போசியைத் திறந்துகொண்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தான்.

திரும்பி வந்தபோது காகிதம் கொட்டகைக்குள் பெஞ்சின் மேல் இருந்தது. இரண்டு பேரிங்கும் அதன் மேல் இருந்தன. நான் நேராகப் போய் வலப்பக்கம் இருந்ததை எடுத்தேன். கிரீஸை அப்பினேன். வண்டிக்கு அடியில் நுழைந்து குழியில் வைத்து மரக்கட்டையால் தட்டி இறக்கினேன். உளி வெட்டு இருக்கிறதா என்று பார்க்கவில்லை. பார்ப்பானேன், வலப்பக்கம் இருந்தது புதுசு.

"வெயிலு சாமான் மேல அடிச்சுதுங்க பாய். பேப்பரோட தூக்கி உள்ள வெச்சேன்," என்றான் அவன், வெளியிலிருந்து.

"உம்," என்றேன் நான், அடியிலிருந்து.

அந்த 'உம்' இன்றைக்கும் எனக்குக் கேட்கிறது.

மிச்ச சாமானையும் மாட்டிக் கியர்பாக்ஸை ஏற்றி முடிக்கப் பொழுது சாய்ந்தது. அவனையே ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து, ஊர் எல்லைவரை போய்வந்தோம். கியர் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல விழுந்தது. பழைய சாமானைச் சாக்கில் கட்டிக் கொடுத்தேன். அவன் சாக்கை உதறிப் பார்த்து, "ஐய, இதெல்லாம் புதுசாட்டம் இருக்குதுங்க" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். அதுவும் ஒரு பெருமை.

செவ்வாய்க்கிழமை மதியம் பள்ளிவாசல் தொட்டியருகே ஒளு செய்துகொண்டிருந்தேன். முதலில் வலக்கை, பிறகு இடக்கை. இடக்கையில் தண்ணீர் விடும்போது சம்பந்தமே இல்லாமல் அந்தச் சொல் வந்தது. பேப்பரோட தூக்கி உள்ள வெச்சேன். நான் காகிதத்தை வைத்தது கொட்டகையைப் பார்த்தபடி. அவன் மரத்தடியிலிருந்து வந்து, எந்தப் பக்கம் நின்று தூக்கினான்? உள்ளே கொண்டுபோய் எப்படித் திருப்பி வைத்தான்? அப்படியே வைத்திருந்தால் வலம் வலம்தான். சுற்றி வைத்திருந்தால் வலம் இடமாகியிருக்கும், நான் பழசை மாட்டியிருப்பேன், புதுசைச் சாக்கில் கட்டிக் கொடுத்திருப்பேன். முழங்கையில் தண்ணீர் வழிய அப்படியே உட்கார்ந்திருந்தேன். பின்னால் ஒருவர் காத்து நின்று இருமினார்.

இருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கிரீஸ் வைத்துச் சுற்றியபோது நன்றாகத்தானே சுற்றியது? ஆனால் எனக்கே தெரியும், புதுக் கிரீஸ் எந்தப் பழைய பேரிங்கின் வாயையும் கொஞ்ச நாளைக்கு அடைத்துவிடும். மறுபடி கியர்பாக்ஸை இறக்கிப் பார்த்தால் ஒரு பகலில் தெரிந்துபோகும். அதற்கு அவனிடம் என்ன சொல்வது? நாலும் ஒரே வீட்டு ஆட்கள் என்று பிரசங்கம் செய்தவன், அதில் ஒருவனை மட்டும் பழசையே மாட்டிவிட்டேனோ என்னவோ தம்பி என்று சொல்வதா? ஊருக்குத்தான் உபதேசம் என்பார்களே, அதுவாக நின்றேன். அடுத்த தடவை வேலைக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போட்டேன். பயத்துக்கு நான் வைத்துக்கொண்ட நல்ல பெயர் அது.

அதற்குப் பிறகு அவன் இரண்டு தடவை வந்தான். முதல் தடவை ஃபேன் பெல்ட் மாற்ற. இன்ஜினை ஓடவிட்டு, நீள ஸ்க்ரூ டிரைவரின் நுனியைக் கியர்பாக்ஸ் மூடியில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டேன். எல்லாச் சத்தமும் கேட்டது, எது எதென்று பிரிக்க முடியவில்லை.

"வண்டியில ஏதாவது சத்தங்களா பாய்?"

"ஒண்ணுமில்ல, சும்மா பாத்தேன். கியரு சரியா விழுதா?"

"பஞ்சு மாதிரி விழுதுங்க."

இரண்டாவது தடவை கண்ணாடி மாட்ட வந்தான். அந்தத் தடவை தந்திரமாகக் கேட்டேன். "தம்பி, அன்னிக்கிக் குடுத்தனே பழைய சாமான் சாக்கு, வூட்ல கெடக்குதா? அதுல ஒரு புஷ்ஷு எனக்கு வேணும். அடுத்த தபா வரும்போது எடுத்தா."

"எடுத்தாறனுங்க பாய். எங்கியோ பரண்ல கெடக்குது."

அவன் எடுத்துவரவில்லை. மறந்திருப்பான். நானும் மறுபடி கேட்கவில்லை. கேட்டால் ஏன் என்று கேட்பானோ என்று பயம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவனுக்குச் சோற்றைப் பார்த்தாலே பயம்.

புரட்டாசி பிறந்த வாரத்தில் ஒரு காலை பத்து மணிக்கு, சேலத்திலிருந்து வந்த பஸ் டிரைவர் பட்டறை முன்னால் பஸ்ஸை ஓரங்கட்டி நிறுத்தி, இருந்த இடத்திலிருந்தே கூப்பிட்டார். தொப்பூர் இறக்கத்தில் தக்காளி வேன் ஒன்று கவிழ்ந்து கிடக்கிறது, உன்னிடம் வேலைக்கு வருகிற வண்டிபோல இருந்தது என்றார். ரோடெல்லாம் தக்காளி என்றார். ஆள் அங்கேயே முடிந்துவிட்டான்.

தொப்பூர் இறக்கம் தெரியாத டிரைவர் எங்கள் பக்கத்தில் கிடையாது. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் போட்டுவிட்டு, வண்டியை அதன்பாட்டுக்கு உருளவிடுவார்கள். கியரில் இறங்கினால் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். நியூட்ரலில் பிரேக் மட்டும்தான். அது சூடேறிக் கைவிட்டால் வளைவில் போய்ச் சேரவேண்டியதுதான். கவிழ்ந்த வேனில் கியர் நியூட்ரலில் இருந்ததைப் போலீஸ்காரர் பார்த்தார், பிரேக் பார்க்க வந்த அதிகாரியும் பார்த்தார். நியூட்ரலில் விட்டிருக்கிறான், பிரேக் பிடிக்கவில்லை என்று எழுதிக்கொண்டார்கள். ஊரும் அதையே சொன்னது. சின்ன வயசு, காசுக்கு ஆசை, நியூட்ரல் போட்டுட்டான் என்று.

நான்கு நாள் கழித்து, இறக்கத்தில் டீக்கடை வைத்திருந்தவர் டவுனுக்கு வந்தபோது என்னிடம் சொன்னார். "எங்க கடையத் தாண்டும்போதே பல்லக் கடிக்கற மாதிரி கர்ருகர்ருன்னு சத்தம் பாய். ரெண்டு மூணு தடவ. கியரப் போட்டுப் போட்டுப் பாத்தான்போல. விழல."

அவர் வேறு பேச்சுக்குப் போய்விட்டார். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வேகத்தைக் குறைக்க மூன்றிலிருந்து இரண்டுக்கு மாற்றினாலும் நடுவில் நியூட்ரல் வழியாகத்தானே போகவேண்டும்? அந்த ஒரு கணத்தில் பைலட் பேரிங் இறுகிப்போயிருந்தால், அடுத்த கியர் விழாது. எடுத்த கியரும் திரும்ப விழாது. கிளட்சைத் தரையோடு மிதித்துக்கொண்டே, நியூட்ரலில், அவன் போய்ச் சேர்ந்திருப்பான். வேண்டுமென்று போட்ட நியூட்ரலும் மாட்டிக்கொண்ட நியூட்ரலும் செத்த வண்டியில் பார்த்தால் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

வேனை ஸ்டேஷன் பக்கத்தில் இழுத்துப் போட்டிருந்தார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை. பிறகு யாரோ இரும்புக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். "உங்க வேலைல குத்தம் இருக்காது பாய், வெசனப்படாதீங்க" என்று டிங்கர் என் தோளைத் தட்டினார். அவர் கையைத் தட்டிவிடத் தோன்றியது. ஆனால் தலையை ஆட்டினேன்.

முப்பதாம் நாள் பூசைக்குப் போனேன். மாதா கோயிலுக்கு வெளியே நின்றிருந்துவிட்டு, எல்லாரும் கலைந்த பிறகு அவன் வீட்டுக்குப் போனேன். சாக்கைப் பார்க்கவேண்டும், அவ்வளவுதான் நோக்கம். துக்கம் விசாரிக்கும் சாக்கில் திருடப் போனவன் மாதிரி இருந்தது எனக்கு. ஓட்டு வீடு, பின்னால் கிணறு. அவன் மனைவி வெளியே வந்தாள். வெறும் கழுத்து. என்னைப் பார்த்ததும் அழுகை வந்து, முந்தானையால் அடைத்துக்கொண்டாள்.

"வாங்கண்ணா. நீங்க வருவீங்கன்னு தெரியும். ஒக்காருங்க, தண்ணி கொண்டாறேன்."

கிணற்றடிக்குப் போனாள். நானும் பின்னாலேயே நடந்தேன். அவள் கயிற்றை விட்டாள். குடம் இறங்கியது. இழுத்தாள். குடம் ஏறியது. கயிறு ஓடும் ஓசையும் தண்ணீர் சொட்டும் ஓசையும்தான் கேட்டன. உருளை கத்தவில்லை. எங்கள் ஊர்ப்பக்கத்தில் கத்தாத கிணற்று உருளையை நான் அதுவரை பார்த்ததில்லை.

நான் மேலே பார்ப்பதை அவள் பார்த்துவிட்டாள். "அது அவரு செஞ்சதுங்கண்ணா. நீங்க சாக்குல கட்டிக் குடுத்தீங்களே பழைய சாமானு, அதுல ஒரு சின்னப் பேரிங்கு இருந்துச்சு. உருள கத்துது, காது போவுதுன்னு நான் சொல்லிக்கிட்டே இருப்பேன். பென்னாகரத்துல லேத்துல குடுத்து உருளைக்கு நடுவுல சொருகிட்டு வந்தாரு. பாய் குடுக்கற பழசே புதுசாட்டம் இருக்குதுன்னு சொல்லிச் சிரிச்சாரு. ஊர்லயே இந்த ஒரு உருளதான் கத்தாது."

நான் இழுத்துப் பார்க்கிறேன் என்று கயிற்றை வாங்கினேன். இழுத்தேன். பிறகு எட்டி உருளையைப் பிடித்து நிறுத்தி, பேரிங்கின் முகத்தில் கட்டைவிரலை வைத்து ஒரு சுற்றுச் சுற்றினேன். வழவழவென்று இருந்தது. மறுபக்கத்து முகத்திலும் சுற்றினேன். உளி வெட்டு எந்தப் பக்கமும் இல்லை. இங்கே இருப்பது புதுசு, வண்டிக்குள் போனது பழசு. சந்தேகம் அங்கே முடிந்தது. நான்தான்.

அவள் சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். நின்றபடியே குடித்தேன். அவள் கிணற்றுச் சுவரில் சாய்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"ஒண்ணு கேக்கணுங்கண்ணா உங்ககிட்ட. உங்களுக்குத்தான் வண்டி தெரியும். தொப்பூர்ல நியூட்ரல் போட மாட்டேன்னு அவரு எனக்குச் சத்தியம் பண்ணியிருந்தாரு. என் தாலியில இருந்த சிலுவயத் தொட்டுப் பண்ணாரு. ஊரே நியூட்ரல் போட்டுத்தான் செத்தான்னு சொல்லுது. வண்டியில கோளாறு இருந்திருக்குமோன்னு நானும் நெனச்சுப் பாத்தேன். ஆனா நாலும் புதுசு, பாய் எல்லாத்தையும் மாத்திக் குடுத்துட்டாருன்னு அவரே சொல்லுவாரு. உங்க வேலைல குத்தம் இருக்காது. அப்ப அவருதான் பொய்ச் சத்தியம் பண்ணியிருக்காரு. இல்லீங்களா?"

வாய் திறந்தால் போதும். இல்லம்மா, அவன் சத்தியம் மீறவில்லை, குற்றம் என்னுடையது, சாட்சி உன் தலைக்கு மேலே தொங்குகிறது. அவ்வளவுதான் சொல்ல வேண்டும். சொம்பை அவள் கையில் கொடுத்தேன்.

"எனக்கென்னம்மா தெரியும். அல்லாவுக்குத்தான் வெளிச்சம்," என்றேன்.

அல்லாவை நான் அப்படி என் முன்னால் நிறுத்திக்கொண்டேன். செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு பழைய சாமானை நான் கழுவவில்லை. கரியும் எண்ணெயுமாக அப்படியே சாக்கில் போட்டுக் கொடுத்தேன். பாய்க்கு என்னாச்சு என்று கேட்டார்கள். தூக்கம் போயிற்று. யார் வீட்டிலாவது உருளை கத்தினால் நிம்மதியாக இருக்கும், நின்று கேட்பேன். சத்தமில்லாமல் எது சுற்றினாலும் பயம். என் மனைவி தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டால்கூட எரிந்து விழுந்தேன். தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். என் வினை வேறொருத்தனைச் சுட்டுவிட்டு என்னைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தது.

நவம்பர் கடைசியில், இனிப் பொறுக்க முடியாது என்று இண்டூருக்குப் போனேன். வீடு பூட்டியிருந்தது. கிணற்றில் உருளை இல்லை. ஏரியூரில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள் என்றார் பக்கத்து வீட்டுக்காரர். உருளை எங்கே என்றேன். கழற்றி எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். அவன் கையால் செய்தது அது ஒன்றுதான் என்று.

பென்னாகரம் போய், அங்கிருந்து ஏரியூர் பஸ் பிடித்தேன். அவள் வாசலில் உட்கார்ந்து கடலைச் செடியிலிருந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். அங்கே கிணறு இல்லை. உருளை கதவோரம் ஆணியில் மாட்டியிருந்தது. நான் உட்காரவில்லை. நின்றபடியே, வியாழக்கிழமையில் தொடங்கி ஒன்று விடாமல் சொன்னேன். காகிதத்தை, வலப்பக்கத்தை, 'உம்' என்றதை, சாக்கைக் கேட்டதை, டீக்கடைக்காரர் கேட்ட சத்தத்தை, உளி வெட்டை. அவள் கை காய் ஆய்ந்துகொண்டே இருந்தது. பாதியில் நின்றது.

"அப்ப அவரு நியூட்ரல் போடலீங்களா?"

"போடலம்மா. கியரு மாத்தப் போயிருக்கான். விழல. அவன் சத்தியம் மீறல."

"உங்களுக்கு எப்பத் தெரியுங்க?"

"சந்தேகம் ஆரம்பத்துலருந்தே இருந்துச்சு. உறுதியா தெரிஞ்சது முப்பதாம் நாளு. உங்க கெணத்தடியில."

"நான் தண்ணி குடுத்தப்பவா?"

"ஆமாம்மா."

அவள் மடியிலிருந்த செடியை எடுத்துக் கீழே வைத்தாள். திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று காத்திருந்தேன். தூற்றட்டும் என்றுதான் வந்திருந்தேன். அவள் குரல் மெதுவாகத்தான் வந்தது.

"இந்த மாசம் ரெண்டாந்தேதி கல்லறத் திருநாளுக்கு நான் போவலீங்க. மாமனாரு வந்து கூப்ட்டாரு, நாத்தனா வந்து கூப்ட்டா. சிலுவயத் தொட்டுப் பொய் சொன்ன மனுசன் குழிக்கு மெழுகுவத்தி எதுக்குன்னு இங்கியே ஒக்காந்துட்டேன். பொஞ்சாதியே போவலைன்னதும் அவங்களும் எனக்காவப் போவல. அன்னிக்கு எல்லாக் குழியிலயும் வெளக்கு எரிஞ்சிருக்கும். அவரு குழி மட்டும் இருட்டுல கெடந்திருக்கும். இத்தன நாளா நான் அவரத் திட்டிக்கிட்டே இருந்தனே."

மன்னிப்பு என்ற சொல்லை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு அத்தனை தூரம் வந்தவன் நான். அதற்குமேல் அதைச் சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

அவள் எழுந்து கை கழுவினாள். உள்ளே போய் அம்மாவிடம் ஏதோ சொல்லிவிட்டு, சேலையை மாற்றிக்கொண்டு வந்தாள். என்னைத் தாண்டி நடந்தாள். கடைத்தெருவில் ஒரு பெட்டிக்கடையில் மெழுகுவத்திக் கட்டு ஒன்று வாங்கினாள். பஸ் நிறுத்தத்துக்கு வந்தாள். எனக்கும் அதே பஸ்தான். பென்னாகரத்தில் மாறியபோதும் அதே பஸ்தான், இண்டூர் வழியாகத் தருமபுரி போவது. அவள் முன்னால் பெண்கள் சீட்டில் உட்கார்ந்தாள். நான் கடைசி சீட்டில் உட்கார்ந்தேன். காகிதத்தில் சுற்றிய கட்டை மடியில் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

இண்டூரில் இறங்கினாள். வெளிச்சம் இன்னும் கொஞ்சம் இருந்தது. கல்லறைத் தோட்டம் இருக்கும் பக்கம் வேகமாக நடந்தாள், திரும்பிப் பார்க்கவில்லை. கண்டக்டர் விசில் அடித்தார். டிரைவர் கிளட்சை மிதித்தார். என் இடது கால் தானாக அடிப்பலகையை அழுத்தியது, கியர் விழுந்த சத்தம் கேட்கும்வரை எடுக்கவில்லை. இன்றைக்கும் எந்த பஸ்ஸில் உட்கார்ந்தாலும் அந்தக் கால் அப்படித்தான் செய்கிறது.